வாளை எங்கே வைத்துக்கொண்டு ஏறுகிறார்?

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வளவில் பலா மரமோ கராம்பு மரமோ நிற்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு எமது பகுதியில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கொஞ்சம் காற்று வீசினாலும் கூரைக்கு மேலே அண்ணாந்து பார்க்கிறோம். பார்க்காமல் என்ன செய்வது? அந்த அனர்த்தத்தில் நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்தது எமது கண்டி மாவட்டம்தான். அதற்கு முன்னர் 2023 ஆகஸ்டில் கம்பளையில் ஒரு பாடசாலை வளவில் மரம் விழுந்து ஐந்து வயதுப் பிள்ளையொன்று உயிரிழந்ததை ஆசிரியர்களாகிய நாங்கள் மறக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் மீது மரம் சாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

ஆகவே கொப்பு வெட்டுகிறோம். அக்குறணையிலும் மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து போனால் எங்காவது ஒரு மரத்தின் மேலிருந்து வாள் சத்தம் கேட்கும். நல்லதுதான். கூரைக்கு மேல் நிற்கும் காய்ந்த கொப்பை விட்டுவைப்பது புத்தியல்ல. ஆனால் கீழே கதிரை போட்டு இருந்துகொண்டு "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டுங்க" என்று சொல்லும் நாம், மேலே இருக்கும் மனிதர் அந்த வாளை எப்படி அங்கே கொண்டு போனார் என்று ஒரு தடவையாவது பார்த்திருக்கிறோமா?

எட்டாந்தரப் பிள்ளைகளிடம், செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடத்தில் கைவாள் பற்றிப் பேசும்போது இதைக் கேட்டுப் பார்த்தோம். வகுப்பே கையை உயர்த்தியது. "இடுப்பில சாரனுக்குள்ள செருகிக்கொண்டு ஏறுவார் சேர்." "இல்ல சேர், எங்கட வீட்டுக்கு வாறவர் கழுத்தில மாட்டிக்கொண்டு போவார்." "ஒத்தக் கையில பிடிச்சிக்கொண்டு மத்தக் கையால ஏறுவார்." பின் வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "எங்கட மாமா வாயில கடிச்சிக்கொண்டு ஏறுவார்" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, அவனுக்கு அது மாமாவின் வீரம். உறை என்ற சொல்லை ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. கயிற்றில் கட்டி மேலே இழுப்பார் என்றும் யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகள் கண்டதைத்தான் சொன்னார்கள். பாடசாலையில் நாங்கள் சொல்லிக்கொடுப்பது மேசையில் வைஸில் இறுக்கிய பலகையை அறுப்பது. இரண்டு காலும் தரையில், பலகை அசையாது, வாள் தவறினால் மேசையில் படும். மரத்தின் மேலே தரையும் இல்லை, வைஸும் இல்லை. அறுக்கப்படும் கொப்பும் ஆடுகிறது, அறுப்பவரும் ஆடுகிறார்.

செயின் சோ என்றால் எல்லோருக்கும் பயம். அந்தச் சத்தமே பிள்ளைகளைத் தூர விரட்டிவிடும். கைவாளுக்கு அந்த மரியாதை கிடையாது. அதைச் சமையலறைக் கத்தி மாதிரி நினைக்கிறோம். உண்மையில் இடுப்பில் திறந்தபடி செருகிய ஒரு வாள், சும்மா நாலடி வழுக்கினாலே தொடையின் உள்பக்கத்தைக் கிழித்துவிடப் போதும். அந்த இடத்தில் ஓடுவது பெரிய இரத்தக் குழாய். வாள் இல்லாமல் வழுக்கியவர் முழங்கை சிராய்ந்து எழும்பி வீட்டுக்குப் போவார். வாளோடு வழுக்கியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இதற்கான வழி மிகவும் லேசானது. வாளோடு ஏறவே தேவையில்லை. இடுப்புப் பட்டியில் ஒரு மெல்லிய கயிற்றின் நுனியை மட்டும் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு ஏற வேண்டும். இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எந்நேரமும் மரத்தில் இருக்க வேண்டும். கையில் வாள் இருந்தால் இந்தக் கணக்கே உடைந்து போகிறது. மேலே போய், வசதியாக நின்று, தன்னைக் கட்டிக்கொண்ட பிறகு, கீழே நிற்பவர் ஒரு பையில் வாளைப் போட்டுக் கயிற்றில் கட்டுவார். மேலே இருப்பவர் இழுத்தெடுப்பார். வேலை முடிந்ததும் அதே பையில், அதே கயிற்றில் வாள் முதலில் இறங்கும், பிறகு ஆள் இறங்குவார். "கீழ போடுறன், பாத்துக்கோங்க" என்று சொல்லி எறிவது கூடாது. முப்பதடி உயரத்திலிருந்து எறிந்த வாள் நேராக வந்து விழாது. கொப்பில் பட்டுத் திரும்பும், தரையில் பட்டுத் துள்ளும்.

கொப்புக்குக் கொப்பு மாறி மாறி வெட்ட வேண்டியிருந்தால் வாள் உடம்போடு இருக்கத்தான் வேண்டும். அப்போது இரண்டில் ஒன்று: மடக்கும் வாள், அல்லது உறை போட்ட வாள். உறை முன் பக்கம் தொங்கக் கூடாது, இடுப்பின் பின்பக்கமாக அல்லது தொடையின் வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். குனிந்தாலும் வாள் வழுக்கி வெளியே வராத அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். கடையில் உறை கிடைக்காவிட்டால் பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டை நீளவாக்கில் கீறி, பல்லின் மேல் செருகி, றப்பர் பட்டியால் கட்டிவிடலாம். ஐந்து நிமிட வேலை. வாளின் பிடியில் ஒரு நூல்கயிறு கட்டி இடுப்புப் பட்டியோடு சேர்த்துவிட்டால், கை தவறினாலும் கீழே நிற்பவரின் தலை தப்பும். அந்தக் கயிறு கை நீளத்துக்குப் போதும். அதைவிட நீளமாக விட்டால் வாள் முழங்காலுக்குக் கீழே தொங்கி ஆடும், அதுவும் ஆபத்து.

அடுத்தது, எந்த வாள்? எமது வீடுகளில் பெரும்பாலும் இருப்பது தச்சு பாஸ்மார் பாவிக்கும் வாள், அதுவும் துருப்பிடித்தது. கூலிக்கு வந்தவரிடம் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். அந்த வாள் தள்ளும்போது வெட்டும். தரையில் நின்று தள்ளுவது சரி. மரத்தில் நின்று தள்ளினால் என்ன நடக்கும்? தள்ளுகிற பலம் திரும்பி எமது உடம்பையே மரத்திலிருந்து பின்னால் தள்ளும். வாளும் இடையில் மடங்கிக் கொள்ளும். மரத்துக்கென்றே செய்த வளைந்த வாள் இழுக்கும்போது வெட்டும். இழுக்க இழுக்க ஆள் மரத்தோடு ஒட்டிக்கொள்கிறார். ஒரே வேலைக்கு இரண்டு வாள், ஒன்று உங்களை வெளியே தள்ளுகிறது, மற்றது உள்ளே இழுக்கிறது. இந்த ஒரு விடயத்தை மட்டும் இந்தப் பதிவிலிருந்து எடுத்துக்கொண்டாலும் சந்தோஷம். (மன்னாக் கத்தியால் மேலே நின்று வீசி வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேசப் போனால் இன்னொரு பதிவு வேண்டும். வாள் அதைவிட எவ்வளவோ மேல்.)

பலா மரம் என்றால் பால் பிரச்சினை. பால் பல்லில் ஒட்டியதும் வாள் இறுகும், இறுகியதும் ஆள் பலத்தைக் கூட்டுவார், பலத்தைக் கூட்டினால் வாள் திடீரென்று விடுபட்டுத் துள்ளும். மற்றக் கை அந்தப் பக்கத்தில் இருந்தால் விரல் போகும். ஏறுவதற்கு முன்னர் வாளில் தேங்காய் எண்ணெய் தடவிவிட வேண்டும். பலாப்பழம் வெட்டும்போது கையில் தடவத் தெரிந்த எமக்கு வாளில் தடவத் தெரியாதா?

வெட்டும் முறைக்கு வருவோம். தான் இருக்கும் கொப்பையே வெட்டிய முல்லா நஸ்ருதீன் கதையைச் சொல்லி வகுப்பில் சிரிக்கிறோம். அவ்வளவு மடத்தனமாக யாரும் வெட்டுவதில்லை. ஆனால் பாரமான கொப்பை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டுவதை எல்லா வளவிலும் பார்க்கலாம். பாதி வெட்டு விழுவதற்குள் கொப்பு தன் பாரத்தில் தொங்கும், பட்டை அடிமரம் வரைக்கும் உரிந்து வரும், உரிந்த கொப்பு ஊஞ்சல் மாதிரி ஆடி வந்து வெட்டியவரின் காலிலோ நெஞ்சிலோ அடிக்கும். அதைத் தவிர்க்க மூன்று வெட்டு. முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு மேல்நோக்கி ஒரு வெட்டு. பிறகு அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக இரண்டாவது வெட்டு. கொப்பு பட்டையை உரிக்காமல் முறிந்து விழும். மிச்சமிருக்கும் குட்டைத் துண்டைக் கடைசியாக அடிமரத்துக்குக் கிட்ட, மரத்தைக் காயப்படுத்தாமல் அறுத்தெடுக்கலாம். மரமும் பிழைக்கும்.

வாளைத் தொடங்கும்போது மெதுவாக இரண்டு மூன்று தரம் இழுத்துப் பள்ளம் போட்ட பிறகுதான் வேகம். முடியும் தறுவாயிலும் மெதுவாகத்தான். இந்த இரண்டு நேரத்தில்தான் வாள் துள்ளும். மற்றக் கை வெட்டுக்குக் கிட்ட இருக்கவே கூடாது, வாள் போகும் கோட்டில் இருக்கவும் கூடாது. தோளுக்கு மேலே கையை உயர்த்தி வெட்டினால் மரத்தூள் கண்ணில் விழும், கொப்பு தலையில் விழும்.

கயிறு. இதுதான் எமது ஆட்களிடம் பேசக் கஷ்டமான விடயம். "முப்பது வருஷமா ஏறுறன், எனக்குக் கயிறு என்னத்துக்கு?" என்பார்கள். ஏறத் தெரிந்தவர் என்பதில் சந்தேகமே இல்லை. ஏறுவதற்கு இரண்டு கை இருக்கிறது, வெட்டும்போது ஒரு கை வாளுக்குப் போய்விடுகிறது என்பதுதான் விடயம். அந்தக் கையின் வேலையைக் கயிறுதான் செய்ய வேண்டும். அதுவும் வாள் பிடித்து வேலை செய்யும்போது ஒரு கயிறு போதாது. இறுகி நிற்கும் நைலோன் கயிற்றில் வாள் ஒரு இழுவை பட்டாலே அது அறுந்துவிடும். பாதுகாப்பு என்று கட்டியதை நாமே வெட்டிவிடுவோம். அதனால் இரண்டு இடத்தில் கட்ட வேண்டும், வெட்டும் கொப்பில் கட்டவே கூடாது, கயிறு வாளுக்கு மறுபக்கத்தில் இருக்க வேண்டும். தளர்வாக விட்டால் விழும் தூரம் கூடும், ஆகவே இறுக்கமாக இருக்க வேண்டும். வயிற்றைச் சுற்றி வெறும் கயிறு கட்டினால் அதில் தொங்கும்போதே உள்ளுறுப்புகள் பாதிக்கப்படும். கட்டட வேலைக்காரர் போடும் முழு உடல் பெல்ட் இருந்தால் அதுதான் சரி. ஆடு கட்டிய கயிறும் கிணற்றுக் கயிறும் இதற்கு வேண்டாம்.

இவ்வளவுக்கும் முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஏறாமல் செய்ய முடியாதா? நீளத் தடியில் பொருத்திய வாளால் தரையில் நின்றே எத்தனையோ கொப்புகளை வெட்டலாம். முருங்கையும் கராம்பும் அல்பீசியாவும் சொல்லாமல் கொள்ளாமல் முறியும் மரங்கள். மழை பெய்து பாசி பிடித்த மரத்தில் அன்றைக்கு ஏறத் தேவையில்லை. கறையான் தின்ற மரம் தட்டினால் உள்ளே கோறையாகச் சத்தம் கேட்கும். குளவிக் கூடு இருக்கிறதா என்று கீழே நின்றே பார்த்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி கிட்ட இருந்தால் யாரும் ஏறவே வேண்டாம், மின்சாரத்துக்கான 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். பலா, ஈரப்பலா மரங்களை முழுதாக வெட்டுவதென்றால் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும், கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சரிவில் நிற்கும் மரத்தைப் பயத்தில் அடியோடு வெட்டிச் சாய்ப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான்.

இனி யாரும் பேச விரும்பாத பகுதி. மேலே ஏறுபவர் யார்? எமது பிள்ளைகள் அல்ல. பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்தோ, தோட்டத்து லயத்திலிருந்தோ, எமது ஊரிலேயே வசதி குறைந்த ஒரு வீட்டிலிருந்தோ வரும் ஒருவர். ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். மரத்துக்கு இவ்வளவு என்றால் அவர் அவசரப்படத்தான் செய்வார். கயிறு கட்டும் அரை மணித்தியாலத்தில் அவர் அடுத்த வீட்டு மரத்தை முடித்துவிடலாம். அவருக்குச் சேமலாப நிதி இல்லை, காப்புறுதி இல்லை. விழுந்தால் அந்த வீட்டின் வருமானம் அன்றைக்கே நின்றுவிடும். மரத்திலிருந்து விழுவது எமது நாட்டில் முள்ளந்தண்டு முறிவதற்கான முக்கியமான காரணங்களில் ஒன்று. றாகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரி வார்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர்களிடம் எப்படி நடந்தது என்று கேட்டால் தென்னை, பலா, கித்துள் என்று மரத்தின் பெயரைத்தான் பலர் சொல்வார்கள். பெரும்பாலும் உழைக்கும் வயது ஆண்கள்.

விழுந்த பிறகு நாம் செய்வது அதைவிடப் பயங்கரம். நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, முச்சக்கர வண்டியின் பின் சீற்றில் மடித்து வைத்து ஓடுகிறோம். நல்ல மனதோடுதான். ஆனால் முள்ளந்தண்டு முறிந்தவரை அப்படி மடித்தால், நடக்கக்கூடியவர் நடக்க முடியாதவராக ஆகலாம். விழுந்தவரை விழுந்த இடத்திலேயே, விழுந்த மாதிரியே விடுங்கள். மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். வாள் வெட்டிய காயத்திலிருந்து இரத்தம் பாய்ந்தால் சுத்தமான துணியை வைத்துப் பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள். 1990 சுவசெரியவுக்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம். தண்ணீர் பருக்காதீர்கள், எழுப்பி உட்கார வைக்காதீர்கள்.

இப்படியான ஒரு செய்தி வந்தால் எமது வாயில் முதலில் வரும் சொல் "கத்ர்". அதை மறுக்க நாம் யார்? ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, கட்டாத கயிற்றுக்கும் போடாத உறைக்கும் கத்ர் என்று பெயர் வைப்பது எப்படி நியாயம்? அதுவும் ஏறியது நாமல்ல, காசுக்காக ஏறிய இன்னொருவர். அவருடைய உயிர் எமது வளவுக்குள் இருக்கும்வரை அது எமது பொறுப்பிலிருக்கும் அமானிதம்.

எமது யோசனை இதுதான். ஒவ்வொரு மஹல்லாவிலும் சந்தூக் தயாராக இருக்கிறது. கபன் துணி தயாராக இருக்கிறது. மரண உதவிச் சங்கம் இருக்கிறது, நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் ஆட்கள் வருவார்கள். அல்ஹம்துலில்லாஹ், இதெல்லாம் எமது ஊர்களின் பெருமை. அதே அலுமாரியில் நல்ல கயிறு இரண்டு, முழு உடல் பெல்ட் ஒன்று, நாடிப்பட்டி உள்ள ஹெல்மெட் ஒன்று, கண்ணாடி ஒன்று, உறையோடு இழுவை வாள் ஒன்று, வாள் இழுக்கும் பையும் மெல்லிய கயிறும் வைக்க ஏன் முடியாது? மரம் வெட்டுபவரைக் கூப்பிடும் வீட்டார் முதல் நாள் போய் எடுத்து வர வேண்டும், அடுத்த நாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பொறுப்பாக ஒருவர் கயிற்றை ஒவ்வொரு தடவையும் விரல் விரலாகத் தடவிப் பார்த்து, வெட்டு அல்லது தேய்வு இருந்தால் அதைத் துண்டாக்கி எறிந்துவிட வேண்டும். வைத்திருந்தால் யாராவது மீண்டும் எடுத்துக் கட்டுவார்கள். இந்தச் சாமான் முஸ்லிம் வீட்டுக்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்க வேண்டாம், பக்கத்து வீட்டு மாத்தயா கேட்டாலும் கொடுக்க வேண்டும்.

"கொடுத்தாலும் அவங்க போட மாட்டாங்க" என்று ஒருவர் சொன்னார். உண்மைதான், பழக்கமில்லாததை யார் போடுவார்? கல்வியியற் கல்லூரியில் எமக்குச் சொல்லித் தந்த ஒரு விடயம், ஒரு திறனை வாயால் கற்பிக்க ஏலாது, மெதுவாகச் செய்து காட்டி, செய்ய வைத்துத்தான் கற்பிக்கலாம் என்பது. ஆகவே மரத்துக்கு இவ்வளவு என்பதை விட்டுவிட்டு நாளுக்கு இவ்வளவு என்று பேசுவோம். கயிறு கட்டும் நேரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுப்போம். முதல் தடவை தாழ்ந்த கொப்பில் கட்டிப் பழகட்டும். பெல்ட்டில் சாய்ந்து இரண்டு கையும் விட்டு வெட்டிப் பார்த்தவர், அடுத்த தடவை தானாகவே கேட்பார்.

பிள்ளைகள் விடயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. றம்புட்டான் காலத்தில் "நீ பாரம் இல்ல, நீ ஏறு" என்று பத்து வயதுப் பிள்ளையை நுனிக்கொப்புக்கு அனுப்புவதை நிறுத்துங்கள். கையில் வாளோ கத்தியோ கொடுத்து அனுப்பவே வேண்டாம்.

எமது தெருவில் மூன்று வீட்டார் சேர்ந்து முதல் செட்டை வாங்கப் பேசியிருக்கிறோம். வாளும் கயிறும் வந்துவிட்டன. முழு உடல் பெல்ட்தான் இன்னும் தேடுகிறோம். கண்டி டவுனிலோ கட்டுகஸ்தோட்டையிலோ தரமானதாக எங்கே எடுக்கலாம், என்ன விலை என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மரம் ஏறும் வேலை செய்பவர்கள் யாராவது இதை வாசித்தால், நாம் எழுதியதில் நடைமுறைக்குச் சரிவராதது எது என்று தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதையும் சேர்த்து வகுப்பில் எட்டாந்தரத்துக்குக் காட்ட வேண்டும்.